வெந்நீர் இறங்காத குழல்

சீருடை போட்டுச் செய்கிற வேலை என்னுடையது. எந்தப் பிரிவு, எந்த முகாம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஊர் திருவண்ணாமலை. வேங்கிக்காலில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியில் மேனேஜர். மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

மற்றவர்களைப் போல எனக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் கயிறு பிடித்து நிற்கிற வேலை உண்டு. அதோடு ஆயுத அறையில் துப்பாக்கிகளைத் துடைத்துப் பாதுகாக்கிற வேலையையும் கொடுத்திருந்தார்கள். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள் என்பது எங்கள் எஸ்.ஐ.க்கு எப்படியோ தெரிந்திருந்தது. "கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு, உப்பு கிப்பு எல்லாம் உனக்குத் தெரியும். இந்தப் பழைய சாமானை நீ பாத்துக்கம்மா" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் விளையாட்டாகச் சொன்ன உப்புதான் அந்த வேலையே. எங்களிடம் பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிள்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. காவலுக்கு அவற்றை யாரும் எடுத்துப்போவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை சுடும் பயிற்சி நடக்கும்போது, அவற்றுக்கென்று இருந்த பழைய தோட்டாக்களைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செலவழிப்போம். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் ஒரு சின்னக் கேப் இருக்கும். ஊசி அதைத் தட்டினால் பொறி கிளம்பி உள்ளே இருக்கிற மருந்தைக் கொளுத்தும். பொறி கிளப்பிவிட்டு அது சும்மா போகாது. ஒரு உப்பைக் குழலுக்குள் படியவிட்டுப் போகும். மழைக்காலத்தில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி எப்படித் தானாக நீர்த்துக்கொள்கிறதோ, அதே மாதிரி அந்த உப்பும் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் இரண்டு நாளில் குழலின் உள்சுவர் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் நிற்கும்.

பலர் எண்ணெய் போட்டால் போதும் என்று நினைப்பார்கள். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு இரும்பைத் தின்னும். அதற்குத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. பின்பக்கம் அடைத்திருக்கிற போல்ட்டைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியைத் தலைகீழாக நிறுத்தி, பின்பக்கம் புனலை வைத்துக் கொதிநீரை ஊற்றுவேன். அடியில் வாய் வழியாகச் சாம்பல் நிறத்தில் தண்ணீர் இறங்கும். இன்னும் ஊற்ற ஊற்ற வெளுத்து வரும். வெந்நீர் பட்டுக் குழல் சுடுவதால் உள்ளே இருக்கிற ஈரம் தானாகவே காய்ந்துவிடும். பிறகு கயிற்றில் துணி கட்டி இழுத்து, எண்ணெய் போட்டு நிறுத்திவைப்பேன். எனக்குப் பிடித்த வேலை அது. பாத்திரம் கழுவுகிற மாதிரிதான், ஆனால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் பயிற்சி நடந்தது. ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குன்றின் அடியில் சுடும் திடல். ஆளுக்கு ஐந்து தோட்டா. காலையிலேயே வானம் கறுத்திருந்ததால் எல்லோரும் பரபரவென்று முடிக்கப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் படுத்துச் சுட்டவர்களில் என் பேட்ச்காரி ஒருத்தி இருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம். எனக்கும் அவளுக்கும் ஒரே நாளில்தான் வேலை கிடைத்தது. பயிற்சிப் பள்ளியில் ஒரே ரூம், அடுத்தடுத்த கட்டில். ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஆனால் அந்த ஐப்பசியில் நாங்கள் பேசிக்கொள்ளாமல் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு பௌர்ணமி அன்று என் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. எனக்குப் பதிலாக டூட்டி பார்க்க முடியுமா என்று அவளைப் போனில் கேட்டேன். "முடியாதுடி" என்று சொல்லி வைத்துவிட்டாள். காரணம் சொல்லவில்லை. அவள் வீடே அந்தப் பாதை ஓரம்தான். நான் குழந்தையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, அவள் ஊரிலேயே ஜனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து நான் அவளை "வாங்க போங்க" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவளும் அப்படியே திருப்பிக் கூப்பிட்டாள். 'வாடி போடி' என்று பேசின வாயில் அந்த 'ங்க' எவ்வளவு குளிராக இருக்கும் என்று, பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சுட்டு முடித்ததும் குறி அட்டைகளைப் பார்த்தார்கள். அவள் அட்டையில் நாலு ஓட்டைதான் இருந்தது.

"அஞ்சாவது எங்கம்மா? குன்று மேல அனுப்பிட்டியா?" என்று எஸ்.ஐ. கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சார், கடைசி ரவுண்டு சத்தம் சரியா வரல சார். தோளுல ஒதையும் இல்ல. போல்ட்ட இழுத்தப்ப மஞ்சளா சேமியா மாதிரி என்னமோ பாய் மேல கொட்டுச்சு."

"சுத்தி அத்தினி பேரு சுடறாங்க. அதுல உன் சத்தம் உனக்கு மட்டும் தனியா கேட்டுச்சாம்மா? அட்டைய விட்டுட்டா விட்டுட்டேன்னு சொல்லணும். சேமியா கதையெல்லாம் வேணாம்."

அவள் முகம் சுருங்கிப்போனது. அவள் நன்றாகச் சுடுகிறவள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒன்றும் பேசவில்லை. அதற்குள் தூறல் போட ஆரம்பித்தது. கடைசி வரிசைத் துப்பாக்கிகளை அவசரமாகப் பார்த்து, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம் காலி என்று உறுதிசெய்து, வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் பௌர்ணமி. பந்தோபஸ்து கூட்டம் இருந்ததால் எஸ்.ஐ.யும் மற்றவர்களும் அப்படியே கிளம்பிவிட்டார்கள். வழக்கமாக எனக்குக் கைக்கு உதவியாக இருக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

முகாமுக்குத் திரும்பி, ஆயுத அறைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் அடுப்பைப் பற்றவைத்தேன். மெஸ்ஸிலிருந்து கேட்டு வாங்கிவந்த கேஸ் அடுப்பு, பெரிய அலுமினியக் குண்டான், மொண்டு ஊற்ற ஒரு கெட்டில். நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிப்போட முடியாத வேலை. வெளியே மழை கொட்டியது. துப்பாக்கிகளை வரிசையாகச் சுவரில் சாய்த்துவைத்தேன்.

அப்போது அவள் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் சுட்ட ரைபிள் அது. ஒரு தடவ அத்த பாருங்களேன்" என்றாள்.

"எல்லாத்தையும்தான் கழுவப்போறேன். போங்க, பாத்துக்கறேன்."

அவள் போகவில்லை. போகவும் முடியாது. அவளுடைய ஸ்கூட்டி கேட்டுக்கு வெளியே நின்றது, மழை அப்படிப் பெய்தது. கொட்டகை ஓரமாக ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் கொதிக்கிற சத்தமும் தகரத்தின் மேல் மழைச் சத்தமும்தான்.

முதலில் நாலைந்து ரைபிள்களைக் கழுவி முடித்தேன். பிறகு அவள் காட்டிய ரைபிள் வந்தது. அவள் சொன்னதை நான் பெரிதாக நினைக்கவில்லை என்பதால் குழலைக் கண்ணில் வைத்தும் பார்க்கவில்லை. போல்ட்டைக் கழற்றினேன், புனலைச் செருகினேன், இடது கையால் புனலைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கெட்டிலைச் சாய்த்தேன். தண்ணீர் கீழே இறங்கவில்லை. ஒரு கணத்தில் குழல் நிரம்பி, புனல் நிரம்பி, கொதிநீர் பொங்கி அப்படியே என் இடது கை மேல் வழிந்தது.

நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை. கெட்டில் கீழே உருண்டது.

"ஏய் லூசு! இன்னாடி பண்ண!" என்று அவள் பாய்ந்து வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கொட்டகை மூலையில் இருந்த குழாயைத் திறந்து அதன் அடியில் வைத்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. "வெச்சுக்க. எடுக்காத. கொஞ்ச நேரம் எரியும், அப்பறம் கம்மியாயிடும்."

"பேஸ்ட்டு இருந்தா போடலாமா?"

"கெமிஸ்ட்ரி படிச்சவ பேசற பேச்சா இது? பேஸ்ட்டும் வேணாம், இங்க்கும் வேணாம். பச்சத் தண்ணியில வை."

அந்த வலியிலும் அவள் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதை நான் கவனித்தேன். கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, "அந்த ரைபிளைப் பாரு. தண்ணி ஏன் எறங்கல?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் அதை எடுத்துச் சாய்த்தாள். ஊற்றின தண்ணீர் ஊற்றின வழியாகவே திரும்பக் கொட்டியது. பின்பக்கத்தில் கண்ணை வைத்து, குழலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலடி. கும்மிருட்டா இருக்குது."

துடைக்கிற கயிற்றின் நுனியில் ஒரு பித்தளைக் கட்டை இருக்கும். அதை வாய்ப்பக்கமாக உள்ளே விடச் சொன்னேன். மற்ற ரைபிளில் விட்டால் சரசரவென்று மறுமுனைக்கு வந்துவிடும். இதில் நடுவழியில் 'டிக்' என்று நின்றது.

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவளுடைய ஐந்தாவது தோட்டாவின் ஈயக் குண்டு குன்றுக்குப் போகவில்லை. மருந்து பழசாகிச் செத்துப்போயிருக்கிறது. கேப் மட்டும் வெடித்து, அந்த வேகத்தில் குண்டு பாதிக் குழல் வரை போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. எரியாமல் மிஞ்சின மருந்துக் குச்சிகளைத்தான் அவள் சேமியா என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் சொன்னேன்ல" என்றாள் மெதுவாக. பிறகு அந்த ரைபிளைத் தனியாகக் கொண்டுபோய்ச் சுவர் ஓரம் படுக்கவைத்துவிட்டு, பெட்டி மேல் வந்து உட்கார்ந்தாள். "அது கடைசி ரவுண்டுடி. ஆறாவதுன்னு ஒண்ணு குடுத்திருந்தா?"

குடுத்திருந்தால் அடைத்த குழலுக்குள் அடுத்த குண்டு போய் முட்டியிருக்கும். குழல் வெடித்திருக்கும். அவள் கன்னத்தை அந்த ரைபிளின் மேல்தான் சாய்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கும் தெரியும்.

போனை அவளே எடுத்து எஸ்.ஐ.யைக் கூப்பிட்டுச் சொன்னாள். "அத்த யாரும் தொடாதீங்க. குத்தி எடுக்கப் பாக்காதீங்க. நான் வரேன்" என்றார்.

மிச்ச ரைபிள்கள் இருந்தன. அவற்றில் உப்பு இருந்தது. என் இடது கை கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது. "டாக்டர் கிட்ட போலாம் வாடி" என்றாள்.

"இத்த இப்படியே உட்டுட்டு வரமாட்டேன். மழ வேற."

அவள் என்னை முறைத்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கெட்டிலை நிரப்பினாள். "சொல்லு, இன்னா செய்யணும்?"

நான் கையை ஒரு பக்கெட் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி சொன்னேன், அவள் செய்தாள். முதலில் குழலைக் கண்ணில் வைத்து ஆகாசத்தைப் பார். வெளிச்சம் தெரியுதா? தெரிஞ்சா புனலை வை. கொஞ்சமாக ஊற்று. அடியில் வருதா பார். இப்போது நிறுத்தாமல் ஊற்று. மரத்தைப் பிடி, இரும்பைத் தொடாதே. அவள் அப்படியே செய்தாள். சாம்பல் தண்ணீர் கால்வாயில் ஓடி மழைத் தண்ணீரோடு சேர்ந்தது. குழல் வாயிலிருந்து ஆவி கிளம்பியது.

"இவ்ளோ அழுக்கா இருக்குது" என்றாள்.

"பாதிக்கு மேல உப்பு. நக்கிப் பாத்தாலும் தெரியும்."

"சீ, போடி."

இரண்டு மூன்று ரைபிள் ஆனபிறகு, புனலைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு ஏன் வரமுடியாதுன்னு நீ கேக்கவே இல்ல" என்றாள்.

"நீதான் முடியாதுன்னு போன வெச்சுட்டியே."

"அன்னைக்கு எங்க வீட்ல பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. போளூர் பக்கம். நான் ரூமுக்குள்ள பொடவ கட்டிக்கினு நிக்கிறேன், நீ போன் பண்ற. எங்க அம்மா பக்கத்துலயே நின்னுக்கினு மொறைக்குது. இன்னா சொல்லச் சொல்ற?"

"அப்பறமாவது சொல்லியிருக்கலாம்ல."

"அப்பறம் சொல்றதுக்கு இன்னா இருந்துச்சு? வேலைய விட்டுடுவியான்னு கேட்டாங்க. மாட்டேன்னேன். ராத்திரி ரோட்ல நிக்கிற பொண்ணு நமக்கு ஒத்து வராதுன்னு எங்க அப்பா காதுபடவே பேசினு போயிட்டாங்க. அத்த வேற உங்கிட்ட வந்து சொல்லணுமா? நீ வேற நீங்க வாங்கன்னு ஆரம்பிச்சுட்ட."

நான் பக்கெட்டுக்குள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உன் பொண்ணுக்கு அன்னைக்கு காச்சல் எறங்குச்சா?" என்று அவளே கேட்டாள்.

"மறுநாள் காலையிலயே எறங்கிடுச்சு."

"நான் எங்க சித்தப்பா பையன அனுப்பிப் பாத்தேன். நீ எங்க ஊர் கோயிலாண்ட நிக்கிறன்னு வந்து சொன்னான். டீ குடுத்தனுப்பலாமான்னு நெனச்சேன். அதுக்குள்ள அவங்க கெளம்பிட்டாங்க, வீட்ல அழுக."

மழை விட்டபோது எஸ்.ஐ. வந்தார். நேராகப் போய்ப் படுத்திருந்த ரைபிளைப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், பித்தளைக் கட்டையை விட்டுப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இன்னாம்மா செஞ்சினு இருக்கீங்க?"

"முடிஞ்சுடுச்சு சார். எண்ணெ போட்டா போதும்" என்றாள் அவள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ சரியாத்தான் சொல்லியிருக்க. நான்தான் காதுல வாங்கல" என்றார். "எனக்கு ரெண்டு பொண்ணும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவருடைய ஜீப்பிலேயே எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள்.

மறுநாள் காலை அணிவகுப்பிலும் அதை எல்லோர் முன்னாலும் சொன்னார். அவளுடைய குறி தப்பவில்லை என்றும், சத்தமோ உதையோ வித்தியாசமாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும், சிரிக்கிறவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த தோட்டாக்களுக்கு சீல் வைத்தார்கள். யாரும் அவற்றை மறுபடி சுடவில்லை. ஆயுதம் பழுதுபார்க்கிறவர் வெளியூரிலிருந்து வந்து அந்தக் குண்டைத் தட்டி எடுத்தார். ஆனால் அதற்குள் சில நாள் ஆகிவிட்டது. முதல் நாலு தோட்டாவின் உப்பு உள்ளேயே இருந்ததால் குழல் முழுக்கத் துரு. நானும் அவளும் சேர்ந்து கழுவினோம். சாம்பல் தண்ணீருக்குப் பதிலாக டீ டிகாக்ஷன் மாதிரி வந்தது. குழிகள் நின்றுவிட்டன. அந்த ரைபிளைப் பிறகு யார் கையிலும் கொடுக்கவில்லை.

கை ஆறுவதற்கு நாள் பிடித்தது. கட்டோடு இருந்ததால் கார்த்திகை தீபத்துக்கு என்னைக் கூட்டத்தில் போடாமல், காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடுகிற கூடாரத்தில் உட்காரவைத்தார்கள். அந்த நாட்களில் மகளுக்குத் தலை பின்னிவிட என்னால் முடியவில்லை. வீட்டுக்காரர் பின்னினால் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே இருக்கும். அவள் அடி அண்ணாமலையிலிருந்து டூட்டிக்கு வரும் வழியில் வீட்டுக்கு வந்து பின்னிவிட்டுப் போவாள். கட்டு அவிழ்த்த பிறகும் மகள் அம்மா பின்னினால் வலிக்கிறது என்று அத்தைக்காகக் காத்திருந்தாள்.

அடுத்த வருடம் அவளை இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். இந்த முறை என்னையும் கூப்பிட்டிருந்தாள். மாப்பிள்ளை பஸ் டெப்போவில் மெக்கானிக். பெரியவர்கள் இரண்டு பேரையும் மாடியில் தனியாகப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். ரொம்ப நேரம் கீழே வரவில்லை. அவள் அம்மா என் கையைக் கிள்ளி, "போய் பாரும்மா, சண்ட கிண்ட போடறாளா" என்றார்கள்.

நான் பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். மேலே அவள் குரல் கேட்டது.

"எண்ணெ போட்டா போவாதுங்க. அது உப்புங்க. தண்ணியில மட்டும்தான் கரையும்."

"இரும்புல தண்ணி ஊத்துனா அதுவே துருவாயிடுமே? அந்த ஈரத்த இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அதுக்குத்தான் கொதிக்கக் கொதிக்க ஊத்துவோம். இரும்பு சூடாயிடுச்சுன்னா அதுவே காஞ்சுடும்."

"அட! நாங்க ரேடியேட்டர்ல..." என்று அவர் ஆரம்பித்தார்.

நான் சத்தமில்லாமல் கீழே இறங்கி வந்து, "சண்டயெல்லாம் இல்லம்மா. பேசினு இருக்காங்க" என்றேன்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. வேலையை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இப்போது அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருக்கிறாள். பழைய ரைபிள்களையும் மரப்பெட்டிகளில் அடைத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். புதிதாக வந்த துப்பாக்கிகளின் தோட்டாவில் அந்த உப்புக் கிடையாது. எண்ணெயும் துணியும் போதும், வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. சுடும் பயிற்சி முடிந்த சாயங்காலங்களில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கே நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன்.